பென்சிலால்

தெகிவளைக் கடையில் ரிஃப்கான்
ஆறு குஞ்சுகளைப் பையில் விட்டு
ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான்.
எல்லாம் ஒரே சாம்பல்.
கைபட்டுத் தேய்ந்த இரண்டு ரூபாய்க் குற்றியின் நிறம்.
"நீலம் வருமா?"
"வரும் மிஸ். எப்ப எண்டு மட்டும் கேக்க வாணாம்."

ஆபிரிக்காவில் ஏதோ பெரிய ஏரியாம்,
அடியில் கல்லிடுக்குகளாம்.
இங்கே வெள்ளவத்தையில் நாலாம் மாடி,
கடல் தெரியாத பக்கத்து அறை,
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
நம் குழாய்த் தண்ணீர் சிக்லிட்டுக்கு மென்மை போதாதென்றில்லை,
கடினம் போதாதாம்.
கிழமைக்கு ஒரு கரண்டி அப்பச்சோடா.
தண்டவாளத்தைத் தாண்டிப்போய்ப் பொறுக்கிய சிப்பி
ஒரு சோப்புப்பெட்டி நிறைய.

"கறிக்கு வாங்கும் ஜப்பான் மீனுக்கு
இது ஒன்றுவிட்ட தம்பி, பொரித்தால் தெரியும்"
என்றார் கீழ்வீட்டுச் சூசைநாதன்.
அவரை அதற்குப் பிறகு அறைக்குள் விடவில்லை.

கந்தோரில் நாள்முழுக்க வரவும் செலவும் எழுதுகிறவள் நான்.
வீட்டிலும் ஒரு கொப்பி.
மே: ஒன்றும் இல்லை.
ஜூன்: ஒன்றும் இல்லை. இறால் தூள் முடிந்தது.
ஜூலை பதினெட்டு: பெரியதின் கன்னத்தில் ஒரு கீறல் நீலம்.
வெளிச்சத்தின் வேலையோ என்று
விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.
இருந்தது.

நீலம் அவசரப்படுவதில்லை.
தாடையில் தொடங்கி
செவுள் மூடியில் ஒரு கிழமை யோசித்து நின்று
பிறகு
பள்ளிக்கூடச் சட்டைப்பையில் பேனை கசிந்ததுபோலத்
தோள்வரை.
நெஞ்சில் பழுத்த அம்பரெல்லாவின் மஞ்சள்.
துரை என்று பெயர் வைத்தேன்.
தொட்டி முழுக்கத் துரையின் காணியாயிற்று.

மற்ற ஐந்தும் சாம்பலாகவே நின்றன.
பெட்டை, ஐந்து
என்று பென்சிலால் எழுதினேன்.

பத்து மணிநேரம் மின்சாரம் இல்லாத இரவில்
குமிழிகள் நின்றுபோயின.
பிளாஸ்டிக் கோப்பையால் அள்ளி, உயர்த்தி, ஊற்றி,
அள்ளி, உயர்த்தி, ஊற்றி
விடியும்வரை நான்தான் காற்று.
மெழுகுதிரி வெளிச்சத்தில்
துரையும் சாம்பலாய்த்தான் இருந்தான்.
காலையில் ஒன்று மிதந்தது.
பெட்டை, நாலு.

அதன்பின் துரை இன்னும் மூர்க்கமானான்.
பம்புக்குப் பின்னால்
செட்டை கிழிந்து ஒருத்தி,
சாப்பாட்டுக்குக்கூட வெளியே வராமல்.
ஒரு சனிக்கிழமை வலைபோட்டுத் துரையைப் பிடித்தேன்.

மடியில் மூடிய வாளி, நூறாம் இலக்க பஸ்.
வவுனியாவிலிருந்து அம்மா எடுத்தாள்.
"ம்ம்" என்றேன். "ம்ம். பிறகு."
பஸ்ஸில் அம்மாவோடு
இந்த ஒற்றை எழுத்தில் பேசும் பழக்கம்
எந்த வருடம் தொடங்கியது,
எந்தச் சோதனைச்சாவடிக்கு முன்னால்,
கொப்பியில் இல்லை.
இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை.
வாளிக்குள் துரை மூடியை ஒருமுறை முட்டினான்.

பதினோராம் நாள் காலை
பல் தீட்டியபடி அறைக்குள் வந்தவள்
தூரிகையை வாயிலிருந்து எடுக்க மறந்தேன்.
பம்புக்குப் பின்னால் இருந்தவள்
நடுத்தொட்டியில் நின்றாள்.
கன்னத்தில் ஒரு கீறல்.

ரிஃப்கானுக்கு எடுத்தேன்.
"அது ஆம்புள மிஸ்.
பெரியவன் இருக்கிற மட்டும்
நெறத்த உள்ளுக்கே வச்சிக்கும்."
"எவ்வளவு நாளைக்கு?"
கடையில் யாரோ விலை கேட்கும் சத்தம்.
"மவுத்தாகிற வரைக்கும் வச்சிக்கிறதும் இருக்கு."

அழிறப்பரால் தேய்த்தேன்.
எழுத்துப் போய்விட்டது. அழுத்தி எழுதிய பள்ளம்
விரலுக்குத் தெரிகிறது.

மத்தியானத்துக்குள் தோள்வரை வந்துவிட்டது,
இத்தனை நாள் மடித்து வைத்திருந்ததை
ஒரே உதறலில் விரித்ததுபோல.
பின்னேரம் சாப்பாடு போட்டபோது
அவன் செய்த முதல் வேலை
ஒரு சின்னதை
மூலைவரை துரத்தியது.

மிச்சம் மூன்று.
பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
அழுத்தாமல்.